உயர்குல அழுகல்

மேனேஜர் கண்ணாடி டம்ளரை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மத்தியான வெயில் அதற்குள் இறங்கியது. உள்ளே இருந்தது நல்லெண்ணெய் நிறத்தில் மின்னியது. மேலே ஒரு ஐஸ் கட்டி, மரத்தூள் ஒட்டியபடியே மிதந்தது.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மோந்தார். ஒரு வாய் உறிஞ்சி, கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உப்பவைத்தார். பிறகு காலடியில் இருந்த பித்தளைப் படிக்கத்தை இழுத்து அதில் துப்பினார்.

"கெட்டுப்போச்சு" என்றார்.

நான் விரால் மீன் குழம்புச் சட்டியோடு நிலைப்படியில் நின்றிருந்தேன். வயது இருபது. கல்யாணமாகி ஐந்து மாதம். என் புருஷனின் எதிர்காலம் அந்தப் படிக்கத்துக்குள் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

என் கல்யாணத்தைப் பற்றி இந்தத் தொடரில் எழுதிய வாரம், காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "ஜெர்மனியிலிருந்து வந்த மாப்பிள்ளை உங்களுக்கு என்ன கொண்டுவந்தார்?" ஒரு கம்பளிச் சட்டை கொண்டுவந்தார், கடலூர் வெயிலில் போட்டுக்கொள்ள. இன்னொன்றும் கொண்டுவந்தார். அதைத்தான் மேனேஜர் துப்பினார்.

ஜெர்மனி மச்சான்

எங்கள் வீட்டுக்காரர் கலியபெருமாள் கடலூருக்கு வெளியே ஓர் ஆலையில் வேலை பார்த்தார். எந்த ஆலை என்று எழுத மாட்டேன். அந்த ஆலைக்கு ஜெர்மனியிலிருந்து பாய்லர் வந்தது. அதை ஓட்டக் கற்றுக்கொள்ள ஓர் ஆள் போகவேண்டியிருந்தது. மேனேஜரின் அக்கா மகனை அனுப்புவதாகத்தான் ஏற்பாடு. அந்தப் பிள்ளைக்குக் கப்பலைப் பார்த்ததுமே வாந்தி வந்துவிட்டது என்று கேள்வி. அதனால் இவர் போனார்.

ஒன்றரை வருஷம் ரைன் நதிக்கரையில் ஒரு சின்ன ஊரில் இருந்துவிட்டு வந்தார். போகும்போது வெறும் கலியபெருமாள். திரும்பி வரும்போது தோசையை முள்கரண்டியால் குத்தித் தின்னும் கலியபெருமாள். மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவே அவரை 'ஜெர்மனி மச்சான்' என்று கூப்பிட்டது. அது கேலி என்பது அவருக்கு மட்டும் தெரியவில்லை.

"அங்கெல்லாம் இப்புடி இல்ல" என்பார், எதைப் பார்த்தாலும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் "அங்கெல்லாம் இப்புடி இல்ல." பஸ் நிற்காமல் போனால் "அங்கெல்லாம் இப்புடி இல்ல." ஒருநாள் என் மாமியார், "அங்கயே இருந்திருக்க வேண்டியதுதானடா" என்றார். அதற்குப் பிறகு கொஞ்சம் குறைந்தது.

இதை எழுதும்போது அவர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். உங்களைப் பற்றித்தான் என்றேன். பேப்பரை மடித்துவிட்டு, வாங்கவேண்டியது எதுவும் இல்லாத கடைக்குப் போய்விட்டார்.

அவருடைய டிரங்குப் பெட்டியில், கம்பளிச் சட்டைக்குள் சுற்றி, ஒரு பாட்டில் இருந்தது. கழுத்து நீண்ட பழுப்பு பாட்டில். லேபிள் பூஞ்சை பிடித்து, எழுத்துகள் பாதி மறைந்திருந்தன. பின்பக்கம் ஒரு காகிதம் ஒட்டி, நீல மையில் ஏதோ எழுதியிருந்தது. கல்யாணமான மூன்றாம் வாரம் பெட்டியைத் துடைக்கும்போது பார்த்தேன்.

"என்னாங்க இது, தைலமா?"

"தொடாத. ஒயினு. நாப்பது வருஷத்து ஒயினு. அது பெரிய இடத்துக்கு."

பெரிய இடம் என்றால் மேனேஜர். பாய்லர் பகுதிக்குப் பொறுப்பாளர் வேலை காலியாக இருந்தது. வேலை தெரிந்தவர் இவர் ஒருவர். வேலைக்கு நின்றவர்கள் இரண்டு பேர்: இவரும், கப்பலைப் பார்த்து வாந்தியெடுத்த அக்கா மகனும்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வேலை எனக்கும் வேண்டியிருந்தது. அதோடு குவார்ட்டர்ஸ் வரும். சிவப்பு சிமெண்டுத் தரை, வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய், எனக்கே எனக்கென்று ஓர் அடுப்பு. மாமியார், இரண்டு ஓரகத்திகள், ஒரே சமையலறை என்று இருந்தவளுக்கு அது என்ன என்று என் வயதுப் பெண்களுக்குத் தெரியும். "கொண்டுபோய்க் குடுங்க" என்று சொன்னவள் நானும்தான்.

கூடைக்குள் ஒரு குற்றம்

அப்போது நம் மாநிலத்தில் மதுவிலக்கு. வடக்கே பஸ் ஏறினால் பாண்டிச்சேரி, அங்கே ஆறாக ஓடியது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பாட்டில் கையில் இருந்தால் ஜெயில். அதனால் கடலூர் ஸ்டேஷன்களில் போலீஸ்காரர்கள் பயணிகளின் பைக்குள் கைவிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

பெரிய மனிதர்களுக்கு வேறு வழி இருந்தது. குடிக்காவிட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் பர்மிட் கிடைக்கும். நல்ல வேட்டி கட்டியவர்கள் பல பேர் இப்படி நோயாளிகளாக இருந்தார்கள். நோயைப் பற்றி ஒருவருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் மேனேஜரும் அப்படி ஒரு தீராத நோயாளி. கூட்டங்களில் மதுவிலக்கைப் பற்றி அவர் பேசினால் கைதட்டல் பிரமாதமாக இருக்கும்.

அவருக்குச் சொந்த வீடு சிதம்பரம் தெற்கு வீதியில். வாரம் முழுக்க ஆலை பங்களாவில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் தர்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். கூப்பிட்டது எங்களையா பாட்டிலையா என்று கேட்காதீர்கள்.

பாட்டிலை எப்படிக் கொண்டுபோவது? இவர் தன் தோல்பையில் வைத்துத் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வழியாகக் கொண்டுவருகிறேன் என்றார். யோசனை சொன்னது நான். அர்ச்சனைக் கூடை. அடியில் பாட்டில், மேலே வாழையிலை, அதன் மேல் தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம், இரண்டு முழம் கதம்பம்.

ஸ்டேஷனில் போலீஸ்காரர் இவருடைய தோல்பையைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சட்டை, ஒரு சீப்பு. பிறகு என் கூடையைப் பார்த்தார்.

"கோயிலுக்காம்மா?"

"ஆமாங்க. வேண்டுதல்."

கூடையின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எம் பொண்ணுக்கும் சேத்து வேண்டிக்கங்கம்மா. ரெண்டு வருஷமா வரன் அமையல" என்றார். சரி என்றேன். அந்த மனிதரின் முகம் இன்றும் நினைவிருக்கிறது. அன்று நான் பார்த்த ஆண்களில் மரியாதைக்குரியவர் அவர் ஒருவர்தான். அவரையும் ஏமாற்றிவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.

லண்டனில் இருந்தபோது

மேனேஜர் எப்போதோ மூன்று மாதம் லண்டனில் இருந்தவர். அந்த மூன்று மாதத்தை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்டார். மோர்க்குழம்பைப் பற்றிப் பேசினாலும் "லண்டன்ல இருந்தப்போ" என்றுதான் ஆரம்பிப்பார். அங்கிருந்து கொண்டுவந்த கண்ணாடி டம்ளர்கள் ஒரு பீரோவில் பூட்டியிருந்தன. சாவி அவர் பூணூலில் தொங்காத குறைதான். பூணூல் இல்லாததால் அரைஞாணில் தொங்கியது.

சாப்பாட்டு மேஜையில் நான்கு ஆண்கள். மேனேஜர், அக்கா மகன், பர்மிட்டுக்கு எழுதிக்கொடுக்கும் டாக்டர், என் புருஷன். நானும் மேனேஜரின் மனைவியும் பரிமாறினோம்.

பாட்டிலின் தக்கை பழசு. திருகினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மேனேஜர் டீ வடிகட்டியை வரவழைத்து அதில் வடிகட்டினார். ஐஸ் ஃபாக்டரியிலிருந்து சாக்கில் சுற்றி வந்த ஐஸை உடைத்து ஒவ்வொரு டம்ளரிலும் போட்டார். "ஐஸ் இல்லாம ஒயின் குடிக்கிறவன் காட்டான்" என்றார். அக்கா மகன் அதற்குச் சிரித்தான். மேனேஜர் எதைச் சொன்னாலும் அவன் சிரிப்பான். சிரிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

"என்னாய்யா, ஒயிட் ஒயின்னு சொன்ன? நல்லெண்ண மாதிரி இருக்குதே?"

இந்த இடத்தில் என் புருஷன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. ஒன்றரை வருஷம் கற்ற வித்தையைக் காட்ட அவருக்கு வேறு இடமும் கிடைக்கவில்லை.

"பழசானா அந்தக் கலரு வரும் சார். இது சாதாரண திராட்சையில பண்றதில்ல சார். அழுகின திராட்சையில பண்றது."



"அழுகினதா?" என்றான் அக்கா மகன்.

"ஆமாங்க. பறிக்காம கொடியிலயே வுட்டுடுவாங்க. பூஞ்ச புடிச்சி, சுருங்கி, அழுகிப்போனப்புறம் ஒண்ணொண்ணா பொறுக்கி எடுத்துப் புழிவாங்க. அதுக்குன்னு ஒரு பேரு இருக்குது சார், ஜெர்மன்ல. தமிழ்ல சொன்னா..." யோசித்தார். "உயர்குல அழுகல்."

எனக்குக் குழம்புச் சட்டியோடு சிரிப்பு வந்துவிட்டது. அழுகலிலும் குலம் பார்க்கிற ஜாதி நம் ஊரில் மட்டும்தான் இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மேனேஜர் சிரிக்கவில்லை. தனக்குக் கீழே வேலை பார்க்கிறவன், தன் வீட்டுக்கு வந்து, தன் மேஜையில், அழுகின பண்டத்தைக் கொடுக்கிறான். அந்த எண்ணம் அவர் முகத்தில் ஊர்ந்து போனதைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் டம்ளரை ஜன்னலுக்குத் தூக்கினார். அதற்குள்ளேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நாக்கை வைத்தது சும்மா ஒரு சடங்குக்கு. அந்த நாக்கில் அப்போது காரம் தூக்கலான விரால் மீன் குழம்பு வேறு இருந்தது.

"கெட்டுப்போச்சு. லண்டன்ல இருந்தப்போ இதை நாய்க்குக்கூட ஊத்த மாட்டான்."

டாக்டரின் டம்ளர் அதற்குள் காலியாகியிருந்தது. உதட்டை நக்கிக்கொண்டிருந்தவர், மேனேஜரின் குரலைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். "ஆமா, ஆமா. கெட்டுத்தான் போச்சு. வயித்துக்கு ஆவாது."

அக்கா மகன் தொடாமலேயே "தூ" என்றான்.

என் புருஷன் தன் டம்ளரையே பார்த்தார். இன்னும் ஒரு சொட்டு குடித்திருக்கவில்லை. மேனேஜர் துப்பியதை எப்படிக் குடிப்பது? மெல்ல, யாருக்கும் தெரியாததுபோல, டம்ளரைத் தன்னிடமிருந்து நகர்த்தி வைத்தார். அந்த ஒரு விரல் நகர்த்தலுக்காக அவரை நான் பல வருஷம் மன்னிக்கவில்லை.

"ஏம்மா, இதைப் பின்னால கொண்டுபோய்க் கொட்டு" என்று மேனேஜர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். பாதிக்கு மேல் இருந்தது.

கிணற்றடியில்

மேனேஜரின் மனைவி பெயர் தையல்நாயகி. ஐம்பது வயதிருக்கும். காலையிலிருந்து அவர் என்னிடம் பேசியதெல்லாம் "தட்டு", "கரண்டி", "அந்தப் பக்கம்" என்ற மூன்று வார்த்தைகள்தான். மேஜையில் மேனேஜர் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் மார்க் போட்டார். பொரியலில் உப்பு ஜாஸ்தி. ரசத்தில் புளி ஜாஸ்தி. அந்த அம்மாள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

கிணற்றடியில், வாழைமரத்துக்குக் கீழே நான் பாட்டிலைச் சாய்க்கப் போனேன். பின்னால் வந்தவர் என் கையைப் பிடித்தார்.

"இரு. அவுரு என்னா சொன்னாரு?"

"கெட்டுப்போச்சுன்னாரும்மா."

"கெட்டுப்போச்சுன்னா சொன்னாரு?" பாட்டிலை வாங்கி மூக்கருகே வைத்தார். "அப்போ நல்லாத்தான் இருக்கும். முப்பது வருஷமா நான் ஆக்கிப்போடுறேன். அவுரு தூக்கி எறிஞ்சதெல்லாம் உள்ள உக்காந்து நான் துன்னிருக்கேன். ஒருநாளும் கெட்டுப்போனதில்ல."

போய் இரண்டு எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்கொண்டு வந்தார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தோம்.

அந்த ருசியை எப்படிச் சொல்வது? எனக்கு லண்டன் தெரியாது. எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் இனிப்பு. அண்ணாகிராமத்திலிருந்து என் அத்தை கொண்டுவரும் பலாப்பழத்தில், மரத்திலேயே பழுத்து வெடித்ததன் சுளையைத் தேனில் போட்டு ஒரு வாரம் மறந்துவிட்டால் வருகிற இனிப்பு. இவ்வளவுதான் என்று நாக்கு நினைக்கிறபோது, அடியிலிருந்து ஒரு புளிப்பு எழுந்து வந்தது. கூர்மையான, சுத்தமான புளிப்பு. இரண்டும் சண்டை போடவில்லை. விழுங்கிய பிறகு உலர்ந்த திராட்சை, காய்ச்சின நெய், கொஞ்சம் புகை, முந்திரிப் பழத்தைக் கடித்தால் தொண்டையைப் பிடிக்குமே, அதில் ஒரு துளி. விழுங்கி வெகுநேரம் ஆகியும் வாயை விட்டுப் போகவில்லை.

குடிக்கிற பெண் என்று என்னை நினைத்துக்கொள்கிறவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"என்னா இது" என்றார் தையல்நாயகி அம்மாள், டம்ளருக்குள் பார்த்து. என்னிடம் கேட்கவில்லை. இன்னொரு வாய் குடித்தார். "என்னா இது."

"அழுகின திராட்சையாம்மா."

"இருக்கட்டும்."

அப்போது பின்கட்டு வாசலில் செருப்புச் சத்தம். டாக்டர் வந்து நின்றார். டம்ளர்களை முந்தானையால் மூடிக்கொண்டோம்.

"அந்த பாட்டிலு... கொட்டிட்டீங்களா? இல்ல, லேபுக்கு அனுப்பிப் பாக்கலாமேன்னு..."

"கொட்டியாச்சு டாக்டர்" என்றார் தையல்நாயகி அம்மாள், வாழைமரத்தைக் காட்டி. "வயித்துக்கு ஆவாதுன்னு சொன்னீங்களே."

டாக்டர் வாழைமரத்தின் அடியை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அந்த அம்மாள் சிரித்தார். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. அப்படிச் சிரிக்கப் பழகியிருந்தார்.

பாட்டிலைக் காலி செய்தோம். காதுமடல் சூடாக இருந்தது. பாட்டிலைக் கழுவி என் கூடையில் வைத்துக்கொண்டேன். விளக்கெண்ணெய் ஊற்றிவைக்க நல்ல பாட்டில் என்றுதான் எடுத்தேன். வேறு எண்ணம் இல்லை.

பரங்கிப்பேட்டை வரைக்கும்

கோயிலுக்குப் போய்ப் போலீஸ்காரர் மகளுக்காக வேண்டிக்கொண்டேன். எங்களுக்காக எதுவும் கேட்கத் தோன்றவில்லை. சாயங்கால பாசஞ்சரில் ஏறினோம்.

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கூடையிலிருந்து பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கக் காகிதத்தில் நீல எழுத்துகள். நான் பத்தாவது தாண்டியவள். இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் படிப்பேன். முதல் வரியில் 'காளி' என்று இருந்தது; கலியபெருமாளை அங்கே அப்படித்தான் சுருக்கிக் கூப்பிட்டார்களாம்.

"இதுல உங்க பேரு இருக்குதே. என்னா எழுதியிருக்குது?"

"ஒண்ணுமில்ல."

"படிங்க."

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல."

"படிக்கலன்னா எதிர்ல உக்காந்திருக்கவரு கிட்ட குடுத்துக் கேப்பேன்." எதிரில் ஒரு மீன்கூடைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். இருந்தாலும் அந்த மிரட்டல் வேலை செய்தது.

இவர் பாட்டிலை வாங்கினார். படிக்கவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

"காளிக்கும் அவன் மணப்பெண்ணுக்கும். கல்யாணத்தன்று இருவரும் சேர்ந்து குடிக்க. இது டீட்டர் பிறந்த வருஷத்து ஒயின்."

கிள்ளை தாண்டிக்கொண்டிருந்தது. சதுப்பு நாற்றம் ஜன்னல் வழியாக வந்தது.

"டீட்டர் யாரு?"

அவர் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவின் ஒரே மகன். அந்த அம்மாள் பெயர் ஹில்டா. மகன் பிறந்த வருஷம், அவன் கல்யாணத்துக்கென்று அவரும் கணவரும் பன்னிரண்டு பாட்டில் வாங்கி நிலவறையில் வைத்தார்களாம். அவன் இருபது வயதில் சண்டைக்குப் போனான். திரும்பவில்லை. கணவரும் போய்ச் சேர்ந்தார். பாட்டில்களில் பல சண்டைக் காலத்தில் உருளைக்கிழங்குக்கு மாறிப்போயின. மிச்சம் இருந்தது இரண்டு. இவர் புறப்படுகிற அன்று அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்து, எழுதி ஒட்டி, கல்யாணத்தன்று குடித்துவிட்டு எப்படி இருந்தது என்று கடிதம் போடச் சொன்னாராம்.

"அப்போ அது எனக்கு" என்றேன்.

"நமக்கு."

"நமக்குன்னா ஏன் அந்தாளுக்குக் குடுத்தீங்க?"

"போஸ்ட்டு வேணுமே தனம்." பாட்டிலை என்னிடம் நீட்டினார். "நீயுந்தான குவார்ட்டர்ஸ் வேணும்னு சொன்ன."

சொன்னேன்தான். ஆனால் இதைச் சொல்லாமல் மறைத்துவிட்டல்லவா என்னைச் சொல்லவைத்தார்? அந்தக் கோபத்தில் சொல்லிவிட்டேன்.

"என் பங்க நான் குடிச்சிட்டேன். கிணத்தடியில. உங்க பங்க தையல்நாயகி அம்மா குடிச்சிட்டாங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் திட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"எப்புடி இருந்துது?"

"அதான் மேனேஜர் சொன்னாரே, கெட்டுப்போச்சுன்னு."

பரங்கிப்பேட்டை ஸ்டேஷனில் மீன்கூடைக்காரர் விழித்துக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு கடலூர் வரைக்கும் நாங்கள் பேசவில்லை.

இரண்டு கடிதங்கள்

அந்த வேலை அக்கா மகனுக்குப் போனது. பாய்லரின் எந்தத் திருகு எந்தப் பக்கம் என்று இவர்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். சிவப்புத் தரை வீட்டில் அவன் குடியேறினான். நான் மஞ்சக்குப்பத்தில் என் முறை வரும்வரை அடுப்புக்குக் காத்திருந்தேன்.

கோடையில் ஹில்டா அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. கல்யாணம் ஆயிற்றா, ஒயின் நன்றாக இருந்ததா என்று.

இவர் பதில் எழுத உட்கார்ந்தார். ஒரு பக்கம் நிரப்பினார். என்ன எழுதினீர்கள், தமிழில் சொல்லுங்கள் என்று கேட்டேன். கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக இருவரும் குடித்தோம், தேவாமிர்தமாக இருந்தது, டீட்டரை நினைத்துக்கொண்டோம் என்று எழுதியிருந்தார்.

"தேவாமிர்தத்துக்கு ஜெர்மன்ல என்னா போட்டீங்க?"

"ரொம்ப நல்லா இருந்துதுன்னு."

"நீங்க ஒரு சொட்டாவது குடிச்சீங்களா?"

காகிதத்தை வாங்கிக் கிழித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னேன். பெற்ற பிள்ளையின் ஒயினைக் கொடுத்தவளிடம் பொய் சொல்ல வேண்டாம் என்றேன். இவர் இன்னொரு காகிதத்தை எடுத்து வைத்தார். பிறகு எழுதினார். வேலை, மேனேஜர், படிக்கம், எல்லாம். ருசி என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பலாச்சுளை, புளிப்பு, நெய், புகை என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். முந்திரிப் பழத்துக்கு ஜெர்மனில் வார்த்தை தெரியாமல் ஒரு படம் வரைந்தார். அப்படித்தான் அந்த ஒயின் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியவந்தது.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. எங்களைக் காறித் துப்பியிருப்பார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் துப்பியிருப்பேன். இவர் நின்றபடியே படித்துச் சொன்னார்.

"காளி, உன் மேனேஜரைப் பற்றி எழுதியிருந்தாய். என் கணவருக்கும் ஒரு மேனேஜர் இருந்தார். எங்கள் வீட்டுக் கோழிகளில் நல்லதெல்லாம் அவருக்குத்தான் போகும். உன் மனைவி குடித்தாள் என்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் அவளோடு உட்கார்ந்து குடித்த அந்த அம்மாளைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை. அவர் யார்? அவருக்குப் பிடித்ததா?"

தெற்கு வீதிக்கு மறுபடியும்

ஒரு புதன்கிழமை காலையில் நான் மட்டும் சிதம்பரத்துக்கு ரயில் ஏறினேன். மேனேஜர் ஆலை பங்களாவில் இருக்கிற நாள்.

தையல்நாயகி அம்மாள் முற்றத்தில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"அந்த ஒயின் குடுத்தாங்களே, ஜெர்மன்காரம்மா, அவுங்க கடுதாசி போட்டிருக்காங்க. உங்களப் பத்திக் கேட்டிருக்காங்கம்மா."

"என்னைப் பத்தியா?"

"ஆமாம்மா."

"அவர வுட்டுட்டு என்னைப் பத்தியா? என்னான்னு?"

"யாரு அவுங்க, அவுங்களுக்குப் புடிச்சிருந்துதான்னு."

முறத்தைக் கீழே வைத்தார். டீட்டரின் கதையையும் சொன்னேன். கடிதத்தைக் கேட்டு வாங்கி, தெரியாத அந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை பார்த்தார். தன்னைப் பற்றி எழுதியிருப்பது எந்த வரி என்று கேட்டார். இவர் சொல்லிக்கொடுத்ததை வைத்து விரல் வைத்துக் காட்டினேன். அந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டார்.

"புடிச்சிருந்துதுன்னு எழுதும்மா. முத டம்ளர் அவசரத்துல குடிச்சிட்டேன், ரெண்டாவதுதான் சரியாத் தெரிஞ்சுதுன்னு எழுது. அவுங்க புள்ளைக்காக நான் வருத்தப்பட்டேன்னு எழுது."

"சரிம்மா."

"மேனேஜர் சம்சாரம்னு போட்டுடாத."

"உங்க பேரையே போடுறேம்மா."

"குடு, நானே போடுறேன்."

மூன்றாவதோடு நின்ற படிப்பு. நான் கொண்டுபோன காகிதத்தை முறத்தின் முதுகில் வைத்து, பேனாவை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். தையல்நாயகி என்று முடிக்க வெகுநேரம் ஆனது. எழுதி முடித்துத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அவுங்களுக்குத் தமிழு தெரியாதே?"

"தெரியாதும்மா."

"பரவால்ல" என்றார். "பாக்கட்டும்."